எலெய்ன் புரோமிலிக்கு மூச்சு கிடைக்காத 20 நிமிடங்கள்

2005 மார்ச் 29. இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் ஒரு தனியார் மருத்துவமனை. 37 வயதான எலெய்ன் புரோமிலி சைனஸ் அறுவை சிகிச்சைக்காக அங்கே வந்திருந்தார். பல காலமாக இருந்த சைனஸ் தொல்லை, கூடவே மூக்கின் நடுத்தண்டை நேராக்கும் வேலையும் இருந்தது. அவசரம் எதுவும் இல்லை. முன்கூட்டியே நாள் குறித்துச் செய்கிற அறுவை சிகிச்சைதான். ஆரோக்கியமான பெண், இரண்டு சிறு குழந்தைகளின் தாய். கணவர் மார்ட்டின் புரோமிலி விமானி. மயக்க மருத்துவருக்கு 16 ஆண்டு அனுபவம். காது மூக்கு தொண்டை நிபுணருக்கு 30 ஆண்டுக்கு மேல். தியேட்டரில் வசதிக்குக் குறைவில்லை, செவிலியர்களும் நன்கு பழகியவர்கள். அப்படியிருந்தும் எலெய்ன் கண் விழிக்கவே இல்லை. 13 நாள் கழித்து, ஏப்ரல் 11 அன்று இறந்துபோனார்.

மயக்கவியல் படிக்கிற மாணவர்கள் எல்லோரும் இந்த நிகழ்வை நிமிடம் நிமிடமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைப்பவன் நான். மருத்துவம் படிக்காதவர்களும் தெரிந்துகொள்வது நல்லது. ஆபரேஷன் என்றால் நம் வீடுகளில் சர்ஜன் யார் என்று ஊரெல்லாம் விசாரிப்பார்கள். மயக்க டாக்டரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. "ஊசி போட்டுத் தூங்க வைப்பார்" என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். தூங்க வைப்பது இந்த வேலையில் மிகச் சுலபமான பகுதி. புரோப்போஃபால் என்ற பால்போன்ற வெள்ளை மருந்தை நரம்பில் ஏற்றினால் ஒரு நிமிடத்துக்குள் நோயாளி நினைவிழந்துவிடுவார். அதோடு தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடும், பெரும்பாலும் மூச்சே நின்றுவிடும். அந்த நொடியிலிருந்து நோயாளியின் மூச்சுக்குப் பொறுப்பு மயக்க மருத்துவருடையது. இரத்த அழுத்தம், இதயத்துடிப்பு, உடல் வெப்பம், வலி, இரத்த இழப்பு எல்லாமே அவர் கணக்கில்தான் வருகின்றன. ஆனால் மூச்சு தவறினால் மற்ற எதையும் கவனிக்க அவகாசம் இருக்காது.

முன்பரிசோதனையில் தெரிந்தது

மயக்கம் கொடுப்பதற்கு முன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். மூன்று விரல் நுழையும் அளவு திறக்கிறதா, நாக்கை நீட்டினால் உள்நாக்கு தெரிகிறதா, கழுத்தைப் பின்னால் சாய்க்க முடிகிறதா, ஆடுகிற பல் உண்டா, பல்செட் உண்டா என்று கவனிப்பார்கள். நாக்கை நீட்டச் சொல்லித் தொண்டையைச் சில வகைகளாகப் பிரிக்கும் முறைக்கு மல்லம்பட்டி வகைப்பாடு என்று பெயர். இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சேஷகிரி மல்லம்பட்டி 1985இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலிருந்து அது வந்தது.

எலெய்னுக்குக் கழுத்து எலும்புகளில் இரண்டு பிறவியிலேயே ஒட்டியிருந்தன. மயக்க மருத்துவருக்கு அது தெரியும். லாரிஞ்சியல் மாஸ்க் என்ற கருவியைப் பயன்படுத்துவது என்று அவர் முடிவு செய்திருந்தார். மூச்சுக்குழலுக்குள் டியூப் போடாமல், தொண்டையில் குரல்வளையின் வாய்மேல் பொருந்தி உட்காரும் சிறு மெத்தை போன்ற கருவி அது. இந்த வகை அறுவை சிகிச்சைக்குப் பலரும் அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். இந்தத் தேர்வில் பெரிய குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது பொருந்தாமல் போனால் அடுத்தது என்ன, அதற்கும் அடுத்தது என்ன என்று தியேட்டரில் இருந்த எல்லோரோடும் பேசி வைத்திருந்தார்களா என்பதுதான் முக்கியமான கேள்வி.

முன்பரிசோதனையின் வரம்பையும் இங்கே சொல்லிவிட வேண்டும். டென்மார்க்கின் மயக்கவியல் பதிவேட்டிலிருந்து சுமார் 1,88,000 நோயாளிகளின் தகவலை எடுத்து 2015இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. டியூப் போடுவது கடினமாக இருந்த நோயாளிகளில் 93 சதவீதம் பேருக்கு அந்தச் சிரமத்தை யாரும் முன்கூட்டி எதிர்பார்த்திருக்கவில்லை. அதற்காகப் பரிசோதனையை விட்டுவிட முடியாது. பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தாலும் மாற்றுத் திட்டம் கையில் இருந்தாக வேண்டும்.

நிமிடம் நிமிடமாக

காலை 8.35க்கு மயக்க மருந்து கொடுத்தார்கள். புரோப்போஃபால், கூடவே ரெமிஃபென்டனில் என்ற வலி மருந்து. லாரிஞ்சியல் மாஸ்க்கை நுழைக்கப் பார்த்தபோது தாடை இறுகியிருந்தது. கூடுதலாக மருந்து கொடுத்துவிட்டு மறுபடி முயன்றார்கள். வேறு அளவும் எடுத்துப் பார்த்தார்கள். பொருந்தவில்லை.

8.37க்கு எலெய்னின் நிறம் நீலம் பாய ஆரம்பித்தது. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 75 சதவீதம். விரலில் கிளிப் மாட்டி இதை அளக்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை கொரோனா காலத்தில் நம்மில் பலர் வீட்டிலேயே வைத்திருந்தோம். 94க்குக் கீழே போனால் எப்படிப் பதறினோம் என்று நினைவிருக்கும். 75 என்பது, உறுப்புகளுக்கு ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தத்தில் இருக்கிற அளவு. தியேட்டரில் உள்ள ஆக்ஸிமீட்டர் ஒவ்வொரு துடிப்புக்கும் 'பீப்' என்று ஒலிக்கும். ஆக்சிஜன் குறையக் குறைய அந்த ஒலியின் சுருதி இறங்கிக்கொண்டே வரும். திரையைப் பார்க்காமல், திரும்பி நின்று மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதும் மயக்க மருத்துவரின் காது அந்த இறக்கத்தைப் பிடித்துவிடும்.

8.39க்கு 40 சதவீதம்.

இரண்டே நிமிடத்தில் இப்படிச் சரிய முடியுமா என்று கேட்கலாம். உடலில் ஆக்சிஜன் கையிருப்பு அவ்வளவு குறைவு. மூச்சை வெளியே விட்டபின் பெரியவர்களின் நுரையீரலில் ஏறத்தாழ இரண்டரை லிட்டர் காற்று தங்கும்; படுத்து மயக்கத்தில் இருக்கும்போது அது இன்னும் சுருங்கும். சாதாரணக் காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன் என்பதால் இருப்பு அரை லிட்டர்தான். ஓய்வில் இருக்கும் உடல் நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லி லிட்டர் ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மயக்கம் கொடுப்பதற்கு முன் முகத்தில் மாஸ்க் வைத்து "நல்லா மூச்சு இழுத்து விடுங்க" என்று மூன்று நிமிடம் ஆக்சிஜன் கொடுப்பது இதற்காகத்தான். நுரையீரலை ஆக்சிஜனால் நிரப்பிவிட்டால், ஆரோக்கியமான ஒருவருக்கு ஆபத்தான எல்லையைத் தொட எட்டு நிமிடம் வரை கிடைக்கும். அந்த மாஸ்க்கைப் பார்த்துப் பயந்து முகத்தைத் திருப்புகிறவர்கள் உண்டு. தயவுசெய்து திருப்பாதீர்கள். அந்த மூன்று நிமிடம் உங்களுக்காகச் சேர்த்து வைக்கும் அவகாசம்.

எலெய்னுக்கு முகத்தில் மாஸ்க் வைத்து அழுத்தி மூச்சுக் கொடுப்பதும் மிகக் கடினமாக இருந்தது. இதயத்துடிப்பு குறைந்துகொண்டே வந்தது. அதை உயர்த்த அட்ரோப்பின், தசையைத் தளர்த்த சக்ஸமெத்தோனியம் கொடுத்துவிட்டு டியூப் போட முயன்றார்கள். லாரிங்கோஸ்கோப்பால் நாக்கைத் தூக்கிப் பார்த்தால் குரல்நாண்கள் தெரிய வேண்டும். எதுவும் தெரியவில்லை. அடுத்த தியேட்டரிலிருந்து இன்னொரு மயக்க மருத்துவர் உதவிக்கு வந்தார். அறுவை நிபுணரும் அங்கேயே இருந்தார்.

8.45 வாக்கில் நிலைமை இது: டியூப் போட முடியவில்லை, மாஸ்க்காலும் மூச்சுக் கொடுக்க முடியவில்லை. மயக்கவியலில் இதைவிட மோசமான நிலை கிடையாது. இதற்கென்றே எழுதி வைத்த வழிமுறை இருக்கிறது. இங்கிலாந்தின் கடின மூச்சுப்பாதைச் சங்கம் அதற்கு முந்தைய ஆண்டுதான், 2004இல், தன் வழிகாட்டுதலை வெளியிட்டிருந்தது. கழுத்தின் முன்புறம் வழி திறக்க வேண்டும் என்பதே அதில் கடைசிப் படி. குரல்வளைக் குருத்தெலும்புக்குச் சற்றுக் கீழே விரலால் தடவினால் ஒரு சிறு பள்ளம் தட்டுப்படும். தோலுக்கு மிக அருகில், அந்தப் பள்ளத்தின் அடியில் ஒரு மெல்லிய சவ்வு. அதைத் திறந்தால் நேராக மூச்சுக்குழல். தெரிந்த கைக்கு ஒரு நிமிடமே அதிகம். அந்த அறையில் கழுத்து அறுவையைத் தொழிலாகவே கொண்ட ஒரு நிபுணர் நின்றுகொண்டிருந்தார்.

அந்தப் படிக்கு யாரும் போகவில்லை. இரண்டு மயக்க மருத்துவர்களும் அறுவை நிபுணரும் மாறி மாறி டியூப் போடவே முயன்றுகொண்டிருந்தார்கள். வேறு வேறு கருவி, ஒளியிழைக் குழாய், மறுபடி லாரிங்கோஸ்கோப். ஒவ்வொரு முயற்சியும் தொண்டையைக் காயப்படுத்தும். இரத்தம் கசியும், வீங்கும், அடுத்த முயற்சி இன்னும் கடினமாகும். 8.55 வாக்கில் வேறு வகை லாரிஞ்சியல் மாஸ்க் ஒன்று ஓரளவு பொருந்தி, 9 மணியளவில் ஆக்சிஜன் 90ஐ எட்டியது. அப்போதும் அதன் வழியாக டியூப் போடப் பார்த்தார்கள். அது முடியாமல் 9.10 வாக்கில் அறுவை சிகிச்சையைக் கைவிட்டு, எலெய்னை எழுப்பிவிடலாம் என்று தீர்மானித்தார்கள். ஏறத்தாழ 20 நிமிடம் அவருடைய மூளைக்கு மிகக் குறைந்த ஆக்சிஜன்தான் கிடைத்திருந்தது. மயக்கத்திலிருந்து மீள்வோருக்கான அறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவர் எழவில்லை. பிறகுதான் வேறொரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

செவிலியர்களுக்குத் தெரிந்திருந்தது

இந்த நிகழ்வில் என்னை மிகவும் வருத்துவது இனி சொல்லப்போகும் பகுதிதான்.

நெருக்கடி முற்றியபோது ஒரு செவிலியர் யாரும் கேட்காமலேயே டிரக்கியாஸ்டமி பெட்டியை, அதாவது கழுத்தில் மூச்சுக்கு வழி திறக்கும் கருவிகள் உள்ள பெட்டியை, கொண்டுவந்தார். பெட்டி தயாராக இருக்கிறது என்று மருத்துவர்களிடம் சொன்னார். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. இன்னொரு செவிலியர் எலெய்னின் நிறத்தைப் பார்த்ததுமே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போன் செய்து படுக்கைக்கு ஏற்பாடு செய்தார். திரும்பி வந்து அதைச் சொன்னபோது, இவ்வளவு பதற்றம் எதற்கு என்பது போன்ற பார்வைதான் பதிலாகக் கிடைத்தது. அவர் மறுபடி போன் செய்து படுக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என்ன செய்ய வேண்டும் என்று தங்களுக்குத் தெரிந்திருந்ததாகவும், அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை என்றும் செவிலியர்கள் பின்னர் விசாரணையில் சொன்னார்கள்.

அந்த மருத்துவர்களைத் திறமையற்றவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை, பயனும் இல்லை. கைகள் ஒரே வேலையில் ஆழ்ந்திருக்கும்போது நேரம் போவதே தெரியாது. "இன்னொரு தடவை பார்த்துவிடலாம், இப்போது கிடைத்துவிடும்" என்று மனம் சொல்லிக்கொண்டே இருக்கும். லாரிங்கோஸ்கோப் பிடித்த எல்லோருக்கும் இந்த நினைப்பின் பலம் தெரியும். மூன்று நிபுணர்கள் கூடிவிட்டதால் நிலைமை தெளிவாகும் என்று எதிர்பார்ப்போம். இங்கே நேர்மாறாக ஆனது. மூவரும் உதவினார்கள், முடிவெடுப்பது யார் என்பது யாருக்கும் தெளிவாக இல்லை. என் பார்வையில், உதவிக்கு வரும் இரண்டாவது மூத்த மருத்துவரின் முதல் வேலை இன்னொரு கருவியைக் கையில் எடுப்பதல்ல. இரண்டடி பின்னால் நின்று, கடிகாரத்தையும் ஆக்சிஜன் எண்ணையும் பார்த்து உரக்கச் சொல்வதுதான் அவர் செய்ய வேண்டியது.

மயக்க மருந்தின் முதல் நிமிடங்களில் நேர்ந்த நெருக்கடியால் மனைவியை இழந்த மார்ட்டின், தன் தொழிலில் இதே தவறுக்கு ஒரு நீண்ட வரலாறு இருப்பதை அறிந்தவர். 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரை நெருங்கிய யுனைடெட் 173 விமானத்தில் சக்கரம் சரியாக இறங்கியதா என்ற சந்தேகம் எழுந்தது. தலைமை விமானி அதிலேயே மூழ்கியிருக்க, விமானம் சுற்றிக்கொண்டே இருந்து எரிபொருள் தீர்ந்து கீழே விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைவதை விமானப் பொறியாளர் சொல்லத்தான் செய்தார். தலைமை விமானியைத் தடுத்து நிறுத்தும் அழுத்தத்தோடு சொல்லவில்லை. அந்த விபத்துக்குப் பின்னர்தான், கீழ்நிலையில் இருப்பவர் எப்படிப் பேச வேண்டும், தலைமையில் இருப்பவர் எப்படிக் காது கொடுக்க வேண்டும் என்பதைத் தனிப் பயிற்சியாகவே விமான நிறுவனங்கள் கொடுக்கத் தொடங்கின. யுனைடெட் நிறுவனம் 1981இல் அதை ஆரம்பித்தது.

விசாரணை நடக்கும்தானே என்று மார்ட்டின் மருத்துவமனையில் கேட்டார். வழக்குப் போட்டாலோ புகார் கொடுத்தாலோ தவிர அது வழக்கமில்லை என்ற பதில் அவரைத் திகைக்க வைத்தது. விமான விபத்து என்றால் யாரும் கேட்காமலேயே விசாரணை நடக்கும். அவர் விடாமல் கேட்டு சுதந்திரமான ஆய்வுக்கு வழி செய்தார். அப்போது பிரிட்டன், அயர்லாந்து மயக்க மருத்துவர் சங்கத்தின் தலைவராக இருந்த பேராசிரியர் மைக்கேல் ஹார்மர் அதை நடத்தினார். மேலே சொன்ன நேரக்கணக்கு நமக்குக் கிடைத்ததற்குக் காரணம் அந்த ஆய்வுதான். சம்பந்தப்பட்ட மருத்துவர்களின் பெயர் இல்லாமல் அறிக்கையை எல்லோரும் படிக்க மார்ட்டின் வெளியிட்டார். அவர்கள் மீண்டும் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதே தன் விருப்பம் என்றார். இதை அனுபவித்தவர்கள் முன்பைவிடக் கவனமான மருத்துவர்களாக இருப்பார்கள் என்பது அவர் எண்ணம். 2007இல் மருத்துவத்தில் மனிதக் காரணிகளை, அதாவது வேலையின்போது மனிதர்கள் எப்படிப் பேசுகிறார்கள், எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பது போன்றவற்றை, ஆராய்வதற்கான அமைப்பு ஒன்றையும் தொடங்கினார்.

அதன்பின் மாறியவை

2008இல் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்கம் கொடுப்பதற்கு முன் உரக்கக் கேட்க வேண்டியவற்றில் ஒன்று, மூச்சுப்பாதை கடினமாக இருக்க வாய்ப்புண்டா, உண்டு என்றால் கருவியும் உதவிக்கு ஆளும் தயாரா என்பது. அறையில் இருப்பவர்கள் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்வதும் அதில் உண்டு. சடங்கு என்று நினைத்து அதை முணுமுணுத்துக் கடந்து போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை வாய் திறந்து தன் பெயரைச் சொன்ன செவிலியருக்கு, நெருக்கடியில் இரண்டாவது முறை வாய் திறப்பது கொஞ்சமாவது சுலபமாகிறது. அந்தச் சடங்குக்கு நான் மதிப்புக் கொடுப்பது இதனால்தான்.

2008 செப்டம்பர் முதல் ஓராண்டு, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் அனைத்திலும் மூச்சுப்பாதையில் நேர்ந்த பெரும் சிக்கல்களைத் திரட்டினார்கள். 2011இல் வெளிவந்த அந்த அறிக்கையில், நெருக்கடியில் கழுத்து வழியாக ஊசிக்குழாய் நுழைக்கும் முயற்சிகளில் சுமார் 60 சதவீதம் தோற்றது தெரியவந்தது. கத்தியால் திறந்த முயற்சிகள் பெரும்பாலும் வென்றன. 2015இல் கடின மூச்சுப்பாதைச் சங்கம் தன் வழிகாட்டுதலைத் திருத்தியபோது கத்தி முறையையே சொன்னது: 10ஆம் எண் பிளேடு, பூஜி எனப்படும் நீண்ட வழிகாட்டிக் குச்சி, 6 மில்லி மீட்டர் டியூப். இவ்வளவுதான் கருவிகள். லாரிங்கோஸ்கோப் முயற்சி மூன்று, தேர்ந்த ஒருவர் வந்தால் இன்னும் ஒன்று. அதற்கு மேல் கிடையாது. ஒவ்வொரு படியிலும் தோற்றுவிட்டதை வாய்விட்டு அறிவிக்க வேண்டும். இந்தியாவிலும் அகில இந்திய கடின மூச்சுப்பாதைச் சங்கம் 2016இல் நம் சூழலுக்கு ஏற்ற வழிகாட்டுதலை வெளியிட்டது. முயற்சிகளுக்கு இடையே மூக்கு வழியாக ஆக்சிஜன் தொடர வேண்டும் என்பதை அது அழுத்திச் சொல்கிறது.

வழிகாட்டுதல் 2004லும் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. சுவரில் ஒட்டிய தாள் தானாகப் பேசாது. அதனால் பேச்சையே பயிற்சியாக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். படிப்படியாகக் குரலை உயர்த்தும் முறை ஒன்று விமானத் துறையிலிருந்து வந்திருக்கிறது. நம் தியேட்டரில் அது இப்படி இருக்கும். முதலில் கேள்வி: "சார், சாச்சுரேஷன் 70 ஆயிடுச்சு, பாத்தீங்களா?" பதில் இல்லை என்றால் எச்சரிக்கை: "சார், மூணு தடவை ஆயிடுச்சு, இன்னும் ஏறலை. அடுத்த ஸ்டெப்புக்குப் போகணும்." அதற்கும் அசையவில்லை என்றால் நேரடியாக: "சார், நிறுத்துங்க. டியூப் போக மாட்டேங்குது. கழுத்துல ஓப்பன் பண்ணணும். செட் இதோ." எலெய்னின் செவிலியர் கடைசி வாக்கியத்தில் பாதியைச் சொன்னார். பெட்டி இருக்கிறது என்றார். நிறுத்துங்கள் என்ற சொல் வரவில்லை. நம்மூர் சிஸ்டர் ஒருவர் பெரிய டாக்டரைப் பார்த்து அதைச் சொல்வது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். எனவே அந்த அனுமதியை முதல் நோயாளிக்கு முன்பே, காலையிலேயே, மூத்தவர்தான் கொடுக்க வேண்டும்: "மூணு தடவைக்கு மேல நான் முயற்சி பண்ணா, என் கையைப் பிடிச்சு நிறுத்துங்க." இதைத் தினமும் சொல்கிற மயக்க மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பயிலும் மாணவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

நோயாளியாகப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்பு எப்போதாவது ஆபரேஷனில் உங்களுக்கு டியூப் போடச் சிரமப்பட்டார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால், அந்த விவரத்தை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தரச் சொல்லி வாங்கி வையுங்கள். வாய் சரியாகத் திறக்காதது, கழுத்துத் தேய்மானம், தூக்கத்தில் பலத்த குறட்டை, தொண்டையில் செய்த கதிர்வீச்சு சிகிச்சை இவை எல்லாவற்றையும் மயக்க டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அவர் ஆபரேஷனுக்கு முந்தைய நாளே உங்களை வந்து பார்த்து, வாயைத் திறக்கச் சொன்னால், அவசரப்படாமல் நன்றாகத் திறந்து காட்டுங்கள்.